லுத்ஃபியின் சும்மா இராத கை

என் தங்கை புருஷன் லுத்ஃபிக்குக் கை சும்மா இராது. அலெக்சாந்திரியாவில் டிராம் பாதையோரம் சலூன் வைத்திருக்கிறான். அவன் நாற்காலியில் கண்ணசந்தவர் மொட்டையாகத்தான் எழுந்திருப்பார் என்று தெருவே கேலி பேசும். ஆள் வராத நேரத்தில் கண்ணாடியைத் துடைப்பான். துடைத்ததையே மறுபடி துடைப்பான். பார்க்கிற எனக்கு எழுந்து ஓடக் கால் பரபரக்கும்.

அந்தக் கை என் தங்கை இல்ஹாமின் மீன்தொட்டிக்குள் போனதுதான் வினை. ஒரு ஜோடி ஏஞ்சல் மீனை நகக்கண் அளவுக் குஞ்சிலிருந்து அவள் வளர்த்து வந்தாள். வடிகட்டிப் பெட்டியில் பஞ்சு, பீங்கான் வளையங்கள், மேலே ஒரு பை கரி. வளையத்தில் பழுப்பாகப் படிந்திருப்பது அழுக்கல்ல, நல்ல கிருமிகள், அவைதான் தண்ணீரைக் காக்கின்றன என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பெருநாளுக்கு விருந்தாளிகள் வருகிறார்களே என்று இவன் எல்லாவற்றையும் குழாயடியில் போட்டு, குளோரின் தண்ணீரில் வெள்ளைவெளேர் என்று தேய்த்துவிட்டான். பெருநாள் முடிந்து சில நாளில் மீன்களின் மேல் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

இல்ஹாம் துணிமணியை எடுத்துக்கொண்டு எங்கள் வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். கிளம்பும்போது அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "கெடுத்தது நீங்க. பிழைக்க வைக்கிறதும் நீங்கதான். அதுங்க செத்துட்டா என்னைக் கூப்பிட வராதீங்க."

கோபித்துக்கொண்டு போனவளை அழைக்கப் பெரியவர்களோடு, ஒரு தட்டு குனாஃபா இனிப்போடு வரவேண்டும். இவன் தனியாக, கையில் மருந்துப் புட்டியோடு வந்து நின்றான்.

"மச்சான், இது போலி மருந்து. ஊத்தினா தொட்டி நீலமாகுது. விடிஞ்சு பார்த்தா குடிதண்ணி மாதிரி தெளிஞ்சு கிடக்கு. ஊத்தி ஊத்திக் கை ஓய்ஞ்சுபோச்சு. கடைக்காரன் சட்டையைப் பிடிக்கப் போறேன்."

எதிர் சோபாவில் இருந்த இல்ஹாம் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "அண்ணே, கரியை வெளியே எடுத்தாரான்னு கேளு."

கேட்டேன். அவன் காதில் விழாத தூரமா அது?

"எதுக்கு எடுக்கணும்னு கேளுங்க மச்சான். நோயாச்சேன்னு ஒரு பைக்கு ரெண்டு பையா வச்சிருக்கேன்."

"அப்போ மருந்தைக் குடிச்சது மீனில்லை, கரி. தண்ணியில கலந்ததை எல்லாம் இழுக்கிறது மருந்தை மட்டும் விட்டுவைக்குமா? கேளு அண்ணே."

"எல்லாரும் ஒரே அறையிலதானே இருக்கீங்க?" என்றார் வாப்பா. இல்ஹாம் என்னிடமே தொடர்ந்தாள்.

"கரியை எடுக்கட்டும். மருந்தை அளவா ஊத்தட்டும். பஞ்சையும் வளையத்தையும் தொடவே கூடாது. அப்புறம் சும்மா உட்காரட்டும்."

கடைசி வார்த்தையில்தான் லுத்ஃபியின் முகம் செத்தது. எனக்கு அவன்மேல் கோபம் இருந்தது, ஆனாலும் பாவமாகிவிட்டது. தேநீர்கூடக் குடிக்காமல் போனான்.

அதற்கப்புறம் இரண்டு வீட்டிலும் நிம்மதி இல்லை. இவள் பால்கனியில் குட்டி போட்ட பூனையாக அலைந்தாள். போன் அடித்தால் பாய்வாள், எடுக்கமாட்டாள், நான்தான் எடுக்கவேண்டும். அவனோ சலூனையே திறக்கவில்லை என்று கேள்வி. ஒருவழியாகக் கூப்பிட்டான்: "மச்சான், புள்ளியைக் காணோம். ரெண்டும் தீனி எடுக்குது. அவகிட்ட சொல்லுங்க."

"பொய்யாத்தான் இருக்கும். வா, போய்ப் பார்ப்போம்," என்றாள் இல்ஹாம். அதற்குள் பையைக் கையில் எடுத்திருந்தாள்.

கதவைத் தள்ளினால், அது லுத்ஃபியின் வீடா என்று சந்தேகம் வந்தது. கழுவாத பாத்திரம் குவியலாக. தரையெல்லாம் பூசணி விதைத் தொலி. ஊருக்கெல்லாம் முகம் வழிக்கிறவன் தாடியோடு, தொட்டிக்கு முன்னால் நாற்காலியில், இரண்டு கையையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாப்பிள்ளை இது கோலம்?"

"ஒரு தட்டைத் தொட்டா அடுத்ததைத் தொடுவேன் மச்சான். அப்படியே கை தொட்டிக்குப் போயிரும். அதான் எதையுமே தொடல."

தண்ணீர் மை போல நீலமாக இருந்தது. இல்ஹாம் கிட்டே போனதும் இரண்டு மீனும் கண்ணாடியோரம் வந்தன. செதில் செதிலாகப் பார்த்தாள். அலமாரியிலிருந்து புதுக் கரிப் பொட்டலத்தை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"எந்திரிங்க. மருந்து வேலை முடிஞ்சுது. இதை அலசி உள்ளே போடுங்க, நீலம் போகட்டும்."

அவன் கைகளை உருவினான். மரத்துப்போயிருந்தன. நம்பாமல் என் பக்கம் திரும்பினான். "நானா போடணும்? கேளுங்க மச்சான்."

"அண்ணனை எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள் இல்ஹாம். "என்னைக் கேளுங்க."