அண்ணாச்சி கொட்டிய ‘ம்’

போன ஆவணி மாதம் நடந்தது இது. சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் ஒரு மண்டபத்தில் என் தங்கைக்குக் கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை வீட்டார் சிவகிரிக்காரர்கள். அவர்கள் பங்குக்கு டிவி காமெடியன் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை டிவி ஓடும் வீட்டில் அவரைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள்.

எனக்கு மட்டும் அவரைக் கண்டாலே ஆகாது. அவர் பிரபலமானதே ஒரு தாத்தா வேஷத்தால்தான். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட தாத்தா, செல்போனில் பேரனிடம் குழறிக் குழறிப் பேசுவார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எங்கள் வீட்டில் அது வந்தால் நான் ரிமோட்டைத் தேடி ஓடுவேன். ஏனென்றால் எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நிஜமாகவே வாய் கோணிவிட்டது.

அப்பா பூ மார்க்கெட்டில் ஏலம் கூறியவர். அந்தக் குரலுக்காகவே அவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். விலை சொல்கிற சாக்கில் வியாபாரிகளைக் கேலி பண்ணிச் சிரிக்க வைத்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன், பேச்சு குழறத் தொடங்கியதும் வாயையே மூடிக்கொண்டார். டீக்கடையில் யாரோ அவர் பேசியதை அப்படியே பேசிக் காட்டிச் சிரித்தார்களாம். அன்றோடு வீட்டு வாசலைத் தாண்டவில்லை. சின்ன மகள் கல்யாணத்துக்கு வரவே, “என்னைய யாரும் பேசச் சொல்லப்படாது” என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

வந்தவரை மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாக முதல் வரிசையில், மேடைக்கு நேர் எதிரே உட்கார வைத்துவிட்டார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தத் தாத்தா வேஷம் இன்றைக்கு மேடை ஏறினால், அப்பா இனி செத்தாலும் வெளியே வர மாட்டார். மாப்பிள்ளையின் அண்ணனிடம் ஓடிப்போய், “அந்த ஐட்டம் மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க” என்றேன். அவர் விவரம் தெரியாமல், “அதுக்குத்தான மைனி அவரக் கூப்பிட்டதே” என்று சிரித்துக்கொண்டே பந்தியைப் பார்க்கப் போய்விட்டார். நானே சொல்லிவிடலாம் என்று மேடைக்குப் பின்னால் போவதற்குள் பாட்டைப் போட்டு, ஆள் மேடையில் குதித்துவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் வந்ததும் மண்டபம் களைகட்டிவிட்டது. போட்டோகிராபர், பந்தி பரிமாறுகிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. நான்தான் சிரிக்கவில்லை. பயந்தது போலவே பின்வரிசைப் பையன்கள் கத்தத் தொடங்கினார்கள்.

“அண்ணே, தாத்தா ஐட்டம் போடுங்கண்ணே!”

விசில் பறந்தது. அவர் கையைத் தூக்கி அமர்த்தினார்.

“தாத்தாவுக்கு இன்னைக்கு லீவு மக்கா. நான் வேற ஆளப் பிடிக்கப் போறேன்.”

சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி நேராக அப்பாவிடம் வந்தார். அட பாவி, இத்தனை பேர் இருக்க இவரா கிடைத்தார் என்று நான் நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவர் அப்பாவின் பக்கத்தில் குத்தவைத்து, மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொன்னார். அப்பா அவரையே பார்த்தார். பிறகு சரியென்று தலையை ஆட்டினார். காமெடியன் மைக்கை இருவருக்கும் நடுவில் பிடித்தார்.

“அண்ணாச்சி, நான் கதை சொல்லுதேன். நீங்க ‘ம்’ கொட்டணும். கொட்டலைன்னா கதையை நிறுத்திட்டு நான் பந்திக்குப் போயிருவேன். சரியா?”

“ம்.”

“எனக்குக் கல்யாணமாகி எட்டு வருசம் ஆச்சு.”

“ம்.”

“இன்னைக்கு வரைக்கும் வீட்ல நான் வச்சதுதான் சட்டம்.”

அப்பாவிடமிருந்து சத்தமே இல்லை. ஐயோ, திக்கிவிட்டது போல என்று நான் இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தேன். அப்பாவோ அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, “ம்ம்ம்ம்...?” என்று இழுத்தார்.

மண்டபம் வெடித்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏலத்தில் கடைசி விலையைச் சொல்வதற்கு முன் அப்பா இப்படித்தான் கூட்டத்தைக் காக்க வைப்பார்.

“நெசமாத்தான் அண்ணாச்சி! என் பொண்டாட்டி என்னைய எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டா.”

அப்பா மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். மறுபடி அவர் பக்கம் திரும்பி, “ம்ஹூம்” என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். தங்கை மேடையில் மாலையோடு சிரித்துச் சிரித்து மை கரைந்து நின்றாள். அந்தக் கதை எங்கே போய் முடிந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ‘ம்’முக்கும் கூட்டம் காத்திருந்தது. அப்பாவின் துண்டு மடியில் கிடந்தது. கோணிய வாயோடு, முகம் பூராவும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமே இல்லாமல்.

நிகழ்ச்சி முடிந்து அவர் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போய், “தம்பி, எங்கப்பாவைப் பத்தி உங்ககிட்ட யாரு சொன்னா?” என்று கேட்டேன்.

“யாரும் சொல்லலக்கா. திரையை விலக்கி முதல் வரிசையைப் பாக்காம நான் மேடை ஏற மாட்டேன். அண்ணாச்சி துண்டை விலக்கி வாயைத் துடைச்சதைப் பாத்தேன், தாத்தா ஐட்டம் கூடாதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“அதோட விட்டுருக்கலாமே. பாவம்னுதான் அவரக் கூப்பிட்டீங்களா?”

சாப்பிட்ட கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சொந்த ஊர் பனவடலிசத்திரம் பக்கம்தானாம். கோயில் கொடை விழாக்களில் மிமிக்ரி பண்ணிவிட்டுச் சென்னைக்குப் போனவருக்கு, டிவியில் முதலில் கிடைத்த வேலை பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறதுதான். வருஷக்கணக்கில் சம்பளத்துக்குச் சிரித்தாராம். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாராம்.

“சத்தியமா பாவம் பாக்கலக்கா. நான் ஒவ்வொரு ஜோக் சொல்லும்போதும் ஊரு சிரிக்கதுக்கு முன்னாலயே துண்டுக்குள்ள அண்ணாச்சி சிரிச்சிட்டாரு. அப்படி ஒரு ஆளு கூட நிக்கது எங்க தொழில்ல பெரிய வரம். அவரு எனக்கு வேணும்னுதான் கூப்பிட்டேன்.”

அவர் இலைக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் காலை நான் இட்லி வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா தானாக வாயைத் திறந்தார். குழறியது. நிறுத்தி, மறுபடி தொடங்கினார்.

“ஏட்டி... அந்த மூணாவது ‘ம்’ம... இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கணும்.”

நாங்கள் எல்லோரும் அப்பா மனது நோகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அத்தனை நாள் பாடுபட்டோம். அவரிடம் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தவர், எங்கள் வீட்டுப் படியைக்கூட மிதிக்காத ஒரு டிவி காமெடியன். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மலைப்பாகத்தான் இருக்கிறது.