வேம்புலி கொளுத்திய கற்பூரம்

வேம்புலி வருஷத்தில் நாற்பத்தெட்டு நாள் மட்டும் நல்லவன். இதை ஆவடி பக்கத்துக் கோவில்பதாகையில் அவன் தெருவே சொல்லும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு சொட்டு நாக்கில் படாது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றே பிராந்திக் கடையில் ஆளைப் பார்க்கலாம். மற்ற நாளெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டிவிட்டு, ஷிப்டு முடிந்ததும் குடித்து, விழுந்து எழுந்து வீடு சேர்வான். கைவேலை சுத்தம் என்பதால் கம்பெனியில் இன்னும் வைத்திருந்தார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அவன் பெண்டாட்டி கன்னியம்மா சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருஷம் அவள் வசவிலேயே வளர்ந்தவனுக்கு அது பொறுக்கவில்லை. ஏன் என்று கேட்டான்.

"உன்ன திருத்தலாம்னு நென்ச்சேன், கத்துனேன். இனிமே இன்னாத்துக்குயா கத்தணும்?" என்றாள்.

அந்த வாரமே, விரல் காயத்துக்குக் கட்டுப் போட ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனவன், குடியை விட வழி உண்டா என்று நர்ஸம்மாவிடம் அவனாகவே வாய்விட்டுக் கேட்டான். அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: கொரட்டூர், ஸ்டேஷன் பக்கத்துப் பள்ளிக்கூடம், ஞாயிறு மாலை ஆறு மணி. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம்.

சீட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு ரயிலேறினான் அந்த மகராசன். கொரட்டூரில் இறங்கி, 'குடிகாரங்க கூட்டம் எங்க?' என்று கேட்க வெட்கம். 'ஞாயித்துக்கிழமை கூட்டம்' என்று மட்டும் டீக்கடையில் விசாரித்தான். அவர்கள் கைகாட்டிய இடத்தில் உட்கார்ந்து, சாக்கடை அடைப்புக்காக நகர்வாசிகள் போட்ட சண்டையை முக்கால் மணி நேரம் பக்தியோடு கேட்டான். சரியான வாசலைக் கண்டுபிடிக்க அடுத்த ஞாயிறு ஆயிற்று.

அங்கே ஒன்பது பேர், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, தான் குடிநோயாளி என்று சொல்லி, குடிக்காமல் எத்தனை நாள் ஆயிற்று என்றும் சொன்னார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள். பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருந்த ஷவுகத் அலிக்கு ஆறு வருஷம்.

"இன்னிக்கு ஒரு நாள் தொடாத நைனா. நாளைக்கு சமாச்சாரத்த நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அவர் வேம்புலியின் தோளில் கைவைத்தார்.

வேம்புலிக்கு அது போதவில்லை. ஒரு நாள் விடுவதெல்லாம் ஒரு விடுவதா? அவனுக்குத் தெரிந்தது விரதம்தான். ஆவடி வந்ததும் அம்மன் கோயில் வாசலில் உள்ளங்கையில் கற்பூரம் கொளுத்தி, ஒரு வருஷம் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். கூட்டத்தில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

ஏழு ஞாயிறு போனான். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்குக் கன்னியம்மா ஒருநாள் வாய் நிறையத் திட்டினாள். அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

எட்டாவது வாரம் கூட வேலை செய்த துலுக்கானம் செத்துப்போனான். சாவு மேளத்தோடு சுடுகாடு போனபோது யாரோ கையில் டம்ளரைத் திணித்தார்கள். குடித்தான். அதோடு கூட்டத்துக்குப் போவதையும் நிறுத்தினான். சத்தியம் தவறியவன் எந்த முகத்தோடு போவான்? சாமி குத்தம் வேறு. கார்த்திகையில் மாலை போட்டால்தான் தீரும் என்று முடிவு கட்டி, அதுவரைக்கும் சேர்த்துக் குடித்தான். கன்னியம்மா மறுபடி ஊமையானாள்.

அவன் கூட்டத்துக்குப் போகாத நாலாவது ஞாயிறு மத்தியானம் ஷவுகத் அலி சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

"இந்த ஊர்ல நாலு வேம்புலி கீறான் நைனா. மூணு பேர் ஊட்ட தட்டிட்டு வரேன்."

வேம்புலி தலையைக் குனிந்துகொண்டு கற்பூரக் கதையைச் சொன்னான். "மாலை போட்டுகினு வரேன் பாய். இப்ப வந்தா தப்பு."

"சத்தியம் பண்ணுன்னு நாங்க கேட்டமா? நானும் பண்ணவன்தான், பத்து தபா. ஒண்ணும் நிக்கல. நம்ம கூட்டத்துல மீறுறதுக்கு சத்தியமே கெடையாது நைனா. காத்தாலேர்ந்து குடிச்சியா?"

"இன்னும் இல்ல."

"அது போதும். கெளம்பு."

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கன்னியம்மா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். நானும் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கூட்டத்தில் அவன் முறை வந்தது. எழுந்து நின்றான்.

"எம்பேரு வேம்புலி. நான் குடிநோயாளி. நேத்து குடிச்சேன். இன்னிக்கு குடிக்கல."

ஷவுகத் அலியின் ஆறு வருஷத்துக்குத் தட்டிய அதே தட்டுத்தான் தட்டினார்கள். அவன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். கடைசி பெஞ்சில் இருந்த கன்னியம்மாவைப் பார்த்து, விருப்பமிருந்தால் நீங்களும் பேசலாம் என்றார் ஒருவர். அவள் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"எம்பேரு கன்னியம்மா. இந்தாளு பொண்டாட்டி. எங்கம்மா ஊட்டுக்குப் போயிடலாம்னு காத்தால துணிய மூட்ட கட்டி வெச்சேன்" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இன்னிக்குப் போவல."

மூட்டை கட்டியது வேம்புலிக்குத் தெரியாது. எல்லோரும் அவளுக்குக் கைதட்டினார்கள். அவனும் அழுதுகொண்டே தட்டினான்.