நேரில் வந்து சொன்னதாக

அந்த டிவி ஸ்டேஷன் ஒரு பனியன் கம்பெனியின் மாடியில் இருந்தது. ஸ்டேஷன் என்றால் ஒரே அறை, ஒரு கேமரா, ஒரு நீலத் திரைச்சீலை. கீழே நிட்டிங் மிஷின்கள் ஓடும்வரை மாடி அதிரும். கேமராவில் முகம் நடுங்கும். அதனால் ஷிப்ட் மாறும் அரைமணி நேரம்தான் செய்தி. மிஷின்கள் மூச்சை நிறுத்தியதும் என் சித்தி பேச ஆரம்பிப்பாள்.

கேபிள் வயர் எட்டிய தெருக்கள்தான் அவளுடைய நாடு. எந்தத் தெருவுக்கு நாளை தண்ணீர், எங்கே கரண்ட் இல்லை, யாருடைய எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போனது, எந்தக் கம்பெனிக்கு டெய்லர் வேண்டும், எல்லாம் அவள் வாயால் வந்தால்தான் உறுதி. குடத்தை இடுப்பில் வைத்தபடி பெண்கள் அவள் முகத்தையே பார்த்து நிற்பார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, இறந்தபின் சித்தி எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு ஒரு வரன் வந்தது. சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கும் மாப்பிள்ளை. எங்கள் கேபிள் எட்டும் தெருவிலேயே இருப்பவர். சித்தியை டிவியில் பார்த்துத்தான் பிடித்ததாம். கல்யாணத்துக்குப் பிறகு டிவிக்குப் போகக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

"எனக்கு வேண்டாங்க மாமா," என்றாள் சித்தி, அப்பாவிடம்.

"போகப் போக எல்லாம் செரியாயிரும் கண்ணு."

மறுபடியும் சொன்னாள். மறுபடியும் கண்ணு. எங்கள் பக்கத்தில் மரியாதை அதிகம்; ஒரு பெண் சொல்வதைக் கேட்காமல் விடுவதைக்கூட மனம் நோகாமல் செய்வார்கள். ஊரே காது கொடுக்கும் குரல், எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் எடுபடவில்லை.

உப்புச் சக்கரை மாற்ற நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்து நிச்சயதார்த்தம் அது. வீடுவீடாகப் போய் அழைக்க முடியாதவர்கள் லோக்கல் டிவியில் அறிவிப்புக் கொடுப்பது அப்போதைய வழக்கம். 'இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று வருகை தரவும்' என்று முடியும். அப்பாவும் கொடுத்தார். அதை வாசிக்கப் போவது யார் என்பது அவருக்கு ஏனோ தோன்றவே இல்லை.

முந்தைய நாள் மாலை. தண்ணீர், கரண்ட், எருமை. பிறகு சித்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளை எங்கள் இல்லத்தில் நடக்கவிருந்த உப்புச் சக்கரை நிகழ்ச்சி, பெண்ணுக்குச் சம்மதம் இல்லாததால் நிறுத்தப்படுகிறது. உற்றார் உறவினர் இதையே நேரில் வந்து சொன்னதாக ஏற்றுக்கொள்ள அன்புடன் வேண்டுகிறோம்."

அடுத்த வரி, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய். இன்று நாற்பதைத் தாண்டிவிட்டேன்; முடியாது என்று சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் அந்த மண்ணெண்ணெயை அவள் வாசித்த நிதானத்தைத்தான் தேடுகிறேன்.

அப்பா பாய்ந்து போய் டிவியை அணைத்தார். அடுத்த வீட்டில், எதிர்வீட்டில், தெருவின் எல்லா ஜன்னல்களிலும் சித்தி பேசிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். "ஏனுங்க்கா, அப்ப நாளைக்கு நாங்க வரோணுமுங்களா, வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க. அதான் அவளே நேர்ல வந்து சொல்லிட்டாளே," என்றாள் அம்மா.

மாப்பிள்ளை வீட்டார் வந்து சத்தம் போட்டார்கள். கிளம்பும்போது மறக்காமல் "போயிட்டு வர்றமுங்க" என்றார்கள். அப்பா நெடுநாள் சித்தியிடம் பேசவில்லை. ஆனால் செய்தி நேரத்தில் டிவி முன்னால்தான் இருப்பார். மறுநாள் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் என்று அவருக்கும் தெரிய வேண்டுமே.

எனக்கு விருந்து போன வருத்தம். கூடவே, அந்த முந்தைய நாள் மாலையிலிருந்தே அம்மாவைப் பற்றி ஒரு கவலை. விடிந்தால் அத்தனை பேருக்குச் சமையல். அவளோ அன்று பருப்பு ஊறப்போடவில்லை, பெரிய பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்கவில்லை. செய்தி தொடங்கும் முன்பே கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, சத்தத்தை முழுசாக வைக்கச் சொன்னாள். பாவம், அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.