சாம்பல் நிறக் கை

ஹெலன் கீரை தின்ற வேகத்தைப் பார்த்திருந்தால் ஆடு வெட்கப்பட்டு ஊரைவிட்டே ஓடியிருக்கும். நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். ஆனால் இதில் கூட்டவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் அவளும் கணவன் இம்மானுவேலும் குடியிருந்தார்கள். அவனுக்குப் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனியில் வேலை. போன வருஷம் ஹெலனுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. அடுத்ததாவது நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு ராத்திரி பகல் நினைப்பு.

கிராம நர்ஸ் பூமிகா தெளிவாகச் சொல்லியிருந்தாள். "அவசரப்படாத ஹெலன். மொதல்ல ஒடம்ப தயார் பண்ணு. ஃபோலிக் மாத்திரை டெய்லி போடு. கீரை, முட்டை, பருப்பு துன்னு. நேரத்துக்குத் தூங்கு. உன் ஊட்டுக்காரரு பாக்கு போடறத நிறுத்தணும்."

ஹெலன் எல்லாம் செய்தாள். பரோட்டாவை மறந்தாள். இம்மானுவேலின் பாக்குப் பொட்டலத்தை அவன் கண்ணெதிரிலேயே கக்கூசில் கொட்டினாள். கடைக் கீரையில் மருந்து அடிக்கிறார்கள் என்று பின்பக்கத்தில் தானே பாத்தி கட்டி அரைக்கீரை விதைத்தாள். அந்த லைனில் தண்ணீர் லாரி வந்தால்தான் தண்ணீர். துணி துவைத்த தண்ணீரை யாரும் சாக்கடையில் விடமாட்டார்கள், செடிக்குத்தான் ஊற்றுவார்கள். இம்மானுவேலின் யூனிபார்மை அலசிய கருத்த தண்ணீரும் அப்படியே பாத்திக்குப் போனது.

கீரை தளதளவென்று வந்தது. பக்கத்து வீட்டுப் பூவம்மாளின் ஆடு மட்டும் வேலியோரம் வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

"ஆடே வேணாங்குது, நீ இன்னாத்துக்குடி அள்ளி அள்ளி துன்ற?" என்றாள் பூவம்மாள்.

"உன் ஆடு போஸ்டர் துன்னு வளந்தது க்கா. அதுக்கு கீர ருசி எப்புடித் தெரியும்?"

அதற்கு மறுநாள்தான் முதல் கை தெரிந்தது.

நல்ல மத்தியான வெயில். பின்கதவின் உள்பக்கம், அவள் முழங்கால் உயரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கை. ஐந்து விரலும் பதிந்திருந்தது. இப்போதுதான் நிற்கப் பழகிய பிள்ளை கதவைப் பிடித்த மாதிரி. அந்த லைனில் கைப்பிள்ளையே கிடையாது. ஹெலன் ஈரத்துணியால் துடைத்தாள். மறுநாள் தண்ணீர்க் குடத்து மூடியில். அப்புறம் இம்மானுவேலின் துண்டில். அப்புறம் தலையணையில்.

பயந்தாளா? பயந்தாள். ஆனால் கலைந்துபோனதுதான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டவள் எப்படி விரட்டுவாள்? கதவருகே குந்தி உட்கார்ந்து, "இன்னா கண்ணு வேணும்?" என்று கேட்டாள். வெளியே காற்றே இல்லாதபோது கீரைப் பாத்தி மட்டும் அசைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்து சோறு போட்டாள். கீரைப் பொரியலைத் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் மொள்ள எழுந்தாள். திரும்பினால் தட்டு சுவரோரம் தள்ளிக் கிடந்தது. விளிம்பில் அந்தக் கை.

"ஏங்க!" என்று கத்தினாள்.

இம்மானுவேல் வாசலில் நேற்றைய யூனிபார்மை உதறிக்கொண்டிருந்தவன் ஓடி வந்தான். "இன்னா, பூனையா? இதுக்கா இந்தக் கத்து கத்துற?" என்று சிரித்து, தட்டை எடுத்துக் கொடுத்தான்.

ஹெலன் தட்டை வாங்கவில்லை. சின்னக் கைக்குப் பக்கத்தில் அவன் கட்டைவிரல் பதிந்திருந்தது. அதே சாம்பல் நிறம்.

கதவு, குடத்து மூடி, துண்டு, தலையணை. எல்லாம் அவன் வேலையிலிருந்து வந்ததும் கை வைக்கிற இடம். பாத்தி? அவன் துணித் தண்ணீர் போகிற இடம்.

"கம்பெனில குளிச்சிட்டு வர மாட்டியா?"

"குளிக்கிற எடம் கீது. க்யூவுல நின்னுகினு இருந்தா பஸ்ஸு பூடும். அதான் ஊட்ல குளிக்கிறேன்."

மறுநாளே பூமிகாவிடம் போனாள். கையைப் பற்றிச் சொன்னபோது நர்ஸ் குனிந்து பேனாவைத் தேடினாள். தண்ணீரைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்தாள். இரண்டு பேரையும் சென்னைக்கு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாள். இரண்டு பேர் ரத்தத்திலும் ஈயம் ஏறியிருந்தது. அவனுக்கு மிக அதிகம்.

"கீரை நல்லதுதாம்மா, ஊத்துன தண்ணிதான் தப்பு" என்றார் டாக்டர். "வயித்துப் புள்ளைக்கு ஈயம் ஆகவே ஆகாது. ரெண்டு பேருக்கும் கொறையட்டும். அதுவரைக்கும் தள்ளிப் போடுங்க."

ஹெலன் அழுதாள். வீட்டுக்கு வந்து பாத்தியைப் பிடுங்கி, மேல்மண்ணோடு அள்ளி மூட்டை கட்டினாள். தூசியை விளக்குமாறால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தாள். இம்மானுவேல் சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டி உலையைவிட்டு லோடிங்குக்கு மாறினான். யூனிபார்ம் கம்பெனியிலேயே தங்கியது. அவன் குளித்து, மாற்றுத் துணியில், கடைசி பஸ்ஸில் வந்தான். கேழ்வரகு, பால், முட்டை. பக்கத்து ஊர் ஆரணிச் சந்தைக் கீரையைப் பலமுறை அலசிப் பொரியல். மாதங்கள் போயின. கை வரவில்லை. மத்தியானங்களில் ஹெலன் பின்கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வராதது வந்ததைவிடப் பயமாக இருந்தது.

ஒரு வருஷம் கழித்து டாக்டர் சரி என்றார். அதற்கப்புறம் நாள் தள்ளிப் போனது. மூன்றாம் மாதமும் தாண்டியது.

அன்று மத்தியானம் பின்கதவைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றாள். அதே உயரம். அதே ஐந்து விரல். சாம்பல் இல்லை, வெறும் ஈரம். அவள் பார்க்கப் பார்க்கக் காய்ந்து மறைந்தது.

கையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தது.