ராக்கெட்டுக்கு எதிராக ஒரு தேங்காய்

ஒரு நாட்டின் ராக்கெட்டைக் கடலில் தள்ளியவன் நான். விஞ்ஞானிகள் ஏதோ இயந்திரக் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். பெருந்தன்மையானவர்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இலங்கையில், ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் இருந்தோம். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து எங்கள் சனத்தைப் பங்கு பிரித்ததில், நாங்கள் இந்தியாவின் பங்குக்குப் போயிருந்தோம். பாஸ்போர்ட்டும் வந்து அலுமாரிக்குள் கிடந்தது. அப்பாதான் புறப்படுவதாக இல்லை. மழை விடட்டும் என்பார். மாடு கன்று போடட்டும் என்பார்.

கம்பளையிலிருந்து பெரியப்பா வந்தார். அடுத்த மாதம் ரயில் கோச்சியில் தலைமன்னார் போய்க் கப்பலேற இருந்தவர். தம்பியையும் கூட்டிக்கொண்டு போகாமல் விடுவதில்லை என்று இருந்தார்.

“இந்தியா சொந்தமா ராக்கெட் செஞ்சு சேட்டிலைட்ட மேல அனுப்பப் போகுதாம். அப்பேர்ப்பட்ட நாட்டுல ஒனக்கு ஒரு வேல இருக்காதாடா?”

மாடு அதற்குள் கன்று போட்டுவிட்டிருந்தது. அப்பா கூரைத் தகரத்தைப் பார்த்து யோசித்தார்.

“மொதல்ல அது மேல போகட்டும் அண்ணே. போயிருச்சின்னா நாங்களும் வர்றோம்.”

இந்தியாவில் எனக்குத் தெரிந்தவராகப் பெரியப்பா ஒருவர்தான் இருப்பார். அவரை அதுவரை தெரிந்துகொண்டதே போதும் என்றிருந்தது. மாரியம்மன் கோயிலுக்கு ஓடி, ராக்கெட் விழுந்தால் ஒரு தேங்காய் என்று நேர்ந்துகொண்டேன். சேட்டிலைட் என்றால் என்னவென்று அம்மனுக்கு விளக்க வேண்டியிருந்தது. எனக்கே தெரியாததால் கொஞ்சம் நேரமானது.

ராக்கெட் விட்ட அன்று, சாயங்காலச் செய்தி கேட்கவென்றே பெரியப்பா மறுபடி வந்திருந்தார். அது கடலில் விழுந்துவிட்டதென்று ரேடியோ சொன்னது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அப்பா முகத்திலிருந்து கையை எடுத்தார்.

“எத்தன தேங்கா நேந்த?”

“ஒண்ணு.”

“வெள்ளிக்கிழம போறப்ப இன்னொண்ணும் சேத்துக் கொண்டு போ. பெரியப்பா காதுல போட்டுறாத.”

அது நான் செய்த தப்புக்கு அபராதம் என்றே எடுத்துக்கொண்டேன். அந்த அபராதத் தேங்காயை மட்டும் அப்பா தன் கையாலேயே உரித்து, மஞ்சள் பூசி, பொட்டும் வைத்துத் தந்தது ஏன் என்பதுதான் அப்போது விளங்கவில்லை.