முன்பணம் வாங்காத மழைக்காலம்

மரக்காணம் உப்பளத்தில் எங்களுக்கு வருஷத்தில் மூன்று மாசம் வேலை கிடையாது. ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தியெல்லாம் குளம்; மறுபடி தையில்தான் கால் வைக்க முடியும். அந்த மூன்று மாசத்துக்கு மேஸ்திரி வீடு தேடி வந்து முன்பணம் கொடுப்பார். வாங்கிவிட்டால் அடுத்த வருஷம் முழுக்க அவரிடம்தான் வேலை, வாராவாரம் கூலியில் பிடித்துக்கொள்வார். பக்கத்து உப்பளத்தில் பத்து ரூபாய் கூடக் கொடுத்தாலும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கல்யாணமான நாளிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் அப்படிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷ மழைக்கு மேஸ்திரியிடம் கை நீட்டுவதில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

முடிவு கட்ட வைத்தது என் சங்கிலி. அம்மா வீட்டில் போட்ட ஒரு பவுன். அது என் கழுத்தில் இருந்ததைவிட அடகுக்கடையில் இருந்ததுதான் அதிகம். முந்தின ஆவணியில் பிரம்மதேசத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். வெறும் கழுத்தோடு எப்படிப் போவது? எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறோம். தண்டல் என்கிற வாரத் தவணைக் கடனை வாங்கி நகையை மீட்பது, கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போவது, வந்த மறுநாள் திரும்ப அடகு வைத்து அந்தப் பணத்தில் தண்டலை அடைப்பது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் தண்டலில் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று பேசினால் வட்டியை முதலிலேயே எடுத்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். வாரம் இருநூற்றைம்பது, பத்து வாரம் கட்ட வேண்டும். இரண்டு நாள் போட்டுக்கொண்ட சங்கிலியை மறுபடி வைத்தேன். வந்த பணத்தில் மொய்க்கு வாங்கிய கைமாற்றைக் கொடுத்தோம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினோம், கூரைக்குக் கீற்று போட்டோம். தண்டல் அப்படியே நின்றது. பத்து வாரம் முடிந்த அன்றைக்கே தண்டல்காரப் பையன் சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கொடுத்தான். நாங்களும் சிரித்துக்கொண்டே வாங்கினோம்.

சனிக்கிழமை கூலி நாள். மேஸ்திரி பிடித்தது போக மீதியை வாங்கித் திரும்பினால், வரப்பின் முனையில் தண்டல்காரன் மொபெட்டில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்பான். என்னோடு உப்பு வாரும் ஒருத்தி சொல்வாள்: “அவன் வண்டி சத்தம் கேட்டா பாத்தியில உப்புகூட பூக்காதுடி.” எல்லாரும் சிரிப்போம். சிரித்துக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்ப்போம்.

ஒரு பங்குனிச் சனிக்கிழமை, கையில் மிஞ்சியது இரண்டு நாள் அரிசிக்குக்கூடக் காணாது. வீட்டுக்கு வருகிற வழியிலேயே சொன்னேன்.

“யோவ், அந்தச் சங்கிலிய வித்துடலாம்.”

“இன்னாடி பேசற? உங்கம்மா போட்ட நகை.”

“எங்கம்மா என் கழுத்துலதான் போட்டாங்க. கடைக்காரரு பெட்டியிலயா போட்டாங்க?”

 நாலாம் நாள் அடகுக்கடைக்கு அவரே முன்னால் நடந்தார். சங்கிலியை விற்றதில் அடகும் வட்டியும் போக மிஞ்சியதை அப்படியே கொண்டுபோய்த் தண்டலை மொத்தமாக முடித்தோம். அந்தப் பையனுக்கு முகமே மாறிவிட்டது.

“இன்னாக்கா, என்மேல எதுனா கோவமா? வேணும்னா நாலாயிரமா தர்றேன்க்கா.”

“டேய், வண்டியத் திருப்புடா,” என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு என் கூலியில் சாப்பாடு, அவர் கூலியில் கடன் என்று வைத்துக்கொண்டோம். அவர் கூலி எவ்வளவு வந்தாலும் அடுப்புப் பக்கம் வராது. மளிகைக் கடையில் எழுதி வாங்குவதை நிறுத்தியதுதான் சிரமமாக இருந்தது. முதல் இரண்டு வாரம் ரசமும் சுட்ட கருவாடும்தான். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். எழுதி வாங்கும்போது விலை கேட்கவே கூசும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவோம். காசு கையில் இருந்தால், “அண்ணே, அந்தப் பருப்பு வேணாம், இதக் குடுங்க” என்று சொல்ல வாய் வருகிறது. மேஸ்திரியிடம் போய் வாரம் ஐம்பது ரூபாய் சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

“எல்லாரும் கொறைச்சிப் புடிங்கன்னு அழுவாங்க. நீ இன்னாம்மா கூட்டிப் புடிக்கச் சொல்ற?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஆடிக்குள் முன்பணம் தீர்ந்தது. பிறகு மிஞ்சிய காசுக்கெல்லாம் அரிசியாக வாங்கி, மழைக்கென்று ஒரு மூட்டை சேர்த்தோம்.

ஆவணியில் நாத்தனார் வீட்டில் மறுபடி கல்யாணம், இந்தத் தடவை மகனுக்கு. மஞ்சள் கயிற்றோடு போய் நின்றேன். பந்தலிலேயே பிடித்துக்கொண்டார்.

“இன்னாடி, கழுத்து காலியா வந்து நிக்கிற? ஊரு இன்னா சொல்லும்?”

“ஊரு வந்து வாரத் தவணை கட்டுமா அண்ணி?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்ததில் அவருக்கு முகம் சுண்டிப்போனது. சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் வந்து பக்கத்தில் நின்றார். கழுத்தில் இருந்ததைத் தொட்டுக் காட்டி, “இதுவும் நாளன்னிக்கிக் கடைக்குத்தான் போவுது. நீ எப்படிடி முடிச்ச?” என்று மெதுவாகக் கேட்டார்.

மழை அந்த வருஷம் விடாமல் அடித்தது. நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அரிசி மூட்டையைத் தரையில் வைத்திருந்தேன். ஒரு ராத்திரி ஊறின தண்ணீரில் பாதி மூட்டை நனைந்து நாறிவிட்டது. மறுநாள் காலையில் அதை நான் கொட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மேஸ்திரி குடையோடு வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார்.

“புடிங்கம்மா. மழ இப்ப விடாது. புள்ளைங்க இருக்குது.”

என் வீட்டுக்காரர் கை இடுப்பிலிருந்து எழுந்ததைப் பார்த்தேன். நனைந்த அரிசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வேணாங்க,” என்றேன். “வெயில் வந்ததும் வர்றோம்.”

“அப்பறம் ஆள் சேந்துடுச்சின்னா என்னைக் கொற சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டோங்க.”

அவர் போனதும் மீதி அரிசியை அளந்து பார்த்தேன்.  அன்றைக்கே பஸ் பிடித்து நாத்தனார் வீட்டுக்குப் போனேன்.

“கடன் கேக்க வந்தியா?” என்றார் வாசலிலேயே.

“வேல கேக்க வந்தேன் அண்ணி.”

அவர்கள் ஊரில் நடவு நடந்துகொண்டிருந்தது. அவரே நாலு வீட்டில் சொல்லிவிட்டார். நான் நட்டேன், என் வீட்டுக்காரர் நாற்றுக் கட்டு சுமந்தார். வரப்பில் அவர் வழுக்கி விழும்போதெல்லாம் பெண்கள், “ஏம்பா, உப்புன்னு நெனச்சிக்கினு சேத்த வாரிக்கினு போயிடாத,” என்று கிண்டல் செய்தார்கள். சாயங்காலம் கூலியோடு பஸ் ஏறுவோம். நடவு முடிந்து களையெடுப்பு, அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் எந்த வேலையும். சில நாள் ஒரு வேளைதான் உலை வைத்தோம். அப்படியே மார்கழி போனது.

தை பிறந்து மேஸ்திரியிடம் போனோம். பக்கத்து உப்பளத்துக் கூலியைக் கொடுத்தால் உங்களிடமே இருக்கிறோம் என்றேன். “யோசிச்சிச் சொல்றேன்,” என்றார். மறுநாளும் அதையே சொன்னார். நாங்கள் வரப்பைத் தாண்டிப் பக்கத்து உப்பளத்துக்குப் போய்விட்டோம்.

முதல் சனிக்கிழமை. அங்கே இருந்த கணக்குப்பிள்ளை நோட்டுகளை எண்ணி என் வீட்டுக்காரர் கையில் வைத்தார். இவர் வாங்கிக்கொண்டு நகராமல், உள்ளங்கையை விரித்தபடியே நின்றார். பின்னால் வரிசை நெருக்கியது.

“இன்னாப்பா, கொறையுதா?” என்றார் கணக்குப்பிள்ளை.

“இல்லீங்க. இன்னும் நீங்க புடிக்கலியே.”

“எதுக்குப் புடிக்கணும்?”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போய் அவர் விரல்களை மடக்கிவிட்டு, கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன்.