ஸ்டூலில் ஏறாத மாப்பிள்ளை

என் தங்கைக்கு ஊரில் கல்யாணக்காரி என்று பெயர். கல்யாணம் ஆனவள் என்பதால் அல்ல, வெளியூர்க்காரர்களுக்குக் கடற்கரையில் கல்யாணம் நடத்தித் தருகிறவள் என்பதால். கடல் தெரியவேண்டும், கூட்டம் தெரியக்கூடாது என்று போனில் சொல்வார்கள். இங்கே வருஷம் முழுக்கச் சுற்றுலாக் கூட்டம் ஈயாக மொய்க்கும். அவளோ சரி என்பாள். கயிறு கட்டுவாள், கெஞ்சுவாள், ஐஸ்கிரீமோடு குறுக்கே வருகிறவரை மாமா முறை வைத்துத் திருப்பி அனுப்புவாள்.

வயது முப்பத்தெட்டு. தனக்கு வந்த வரனை எல்லாம், "நானே பொண்ணா நின்னுட்டா பந்தியை யாரு பாக்கறது?" என்று தட்டிக் கழித்தாள். நானும் கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, அவளுடைய அலங்கார வளைவுக்குத் துணியும் பூவும் குத்திக்கொண்டிருந்தேன்.

அந்த வளைவைக் கயிற்றால் ஏற்றலாம், இறக்கலாம். முந்தின நாளே அதை மணலில் நட்டு, அடியில் இரண்டு பேரை நிறுத்தி, உயரம் பார்த்துக் கல்யாண வீட்டாருக்குப் படம் அனுப்பவேண்டும். பெண்ணாக அவளே நிற்பாள். மாப்பிள்ளையாக, வாடகை நாற்காலி கொண்டுவருகிறவர் நிற்பார். அவரும் தனிக்கட்டை. அவளைவிட நாலு விரல் குட்டை. அதனால் அவர் நாற்காலியோடு கொண்டுவருகிற ஸ்டூலைப் போட்டு, "ஏறுங்க மாப்பிள்ளை சார்" என்பாள். இருபத்துமூன்று கல்யாணத்துக்கு இப்படி ஏறி நின்றார். போகப் போக, நாற்காலி இறக்க வருகிற மனுஷர் இஸ்திரி போட்ட சட்டையில் வரத் தொடங்கினார். எனக்குப் புரிந்துவிட்டது. அவளிடம் கேட்கத்தான் பயம். இதையும் தட்டிவிட்டால் என்ன செய்வது?

அன்றைக்கும் வந்தார். நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். ஸ்டூலைக் காணோம்.

"ஸ்டூல் எங்கங்க?" என்றாள் தங்கை. "நாளைக்கு வர்ற மாப்பிள்ளை ஆறடிக்கு மேல."

"அவருக்கு அப்புறம் பாத்துக்கலாங்க. இன்னைக்கு ஒரு தடவை என் உயரத்துக்கு இறக்கிப் பாருங்களேன்."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நனைந்த துணியோடு நின்ற கூட்டம் இன்னும் கிட்டே வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். என் வாய் நிறையக் குண்டூசி. கடவுளிடம் மட்டும்தான் பேச முடிந்தது, பேசினேன்.

வளைவுக் கயிற்றை அவளே அவிழ்த்தாள். வளைவு சரசரவென்று இறங்கி அவர் தலைக்குமேல் அளவாக நின்றது. அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். பூவெல்லாம் அவள் தலையில் இடித்தது.

"அக்கா, நாலு விரல் ஏத்து. ரெண்டு பேருக்கும் சரியா வரும்."

ஏற்றினேன். கூட்டம் கைதட்டியது. நான்தான் படம் எடுத்தேன். எடுத்த சந்தோஷத்தில் வழக்கம்போல அனுப்பியும் விட்டேன். உடனே அந்த ஆறடி மாப்பிள்ளை பதறிப்போய் போன் செய்தார், தன் தலை இடிக்குமே என்று.

"உங்களுக்கு வேற ஏத்தித் தரேன் சார்," என்றாள் என் தங்கை. "இது எங்களோடது."